கட்டடம் சைஸ் புரோட்டான் மெஷினுக்கு பதில் லேசர்? ஜெர்மனி ஆய்வில் நடந்தது என்ன?

புற்றுநோய்க்கான புரோட்டான் சிகிச்சையை லேசரை வைத்தே கொடுத்துவிட முடியுமா? 20 வருஷத்துக்கும் மேலாக விஞ்ஞானிகள் துரத்தும் கேள்வி இது. ஜெர்மனியின் டிரெஸ்டன் நகர ஹெல்ம்ஹோல்ட்ஸ் ஆய்வு மையத்தில் உள்ள 'டிராகோ' லேசர், புரோட்டான்களை 150 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை வேகப்படுத்தியதாக 2024-ல் அறிவிக்கப்பட்டது.

புரோட்டானில் என்ன ஸ்பெஷல்?

எக்ஸ்ரே கதிர் உடம்புக்குள் புகுந்து மறுபக்கம் வெளியேறும். வழியில் இருக்கும் நல்ல திசுக்களும் அடி வாங்கும். புரோட்டான் அப்படியில்லை. குறிப்பிட்ட ஆழத்துக்குப் போய், அங்கேதான் பலத்தை மிக அதிகமாக இறக்கிவிட்டு நின்றுவிடும். சிக்கல் மெஷின்தான். சென்னை தரமணியில் 2019-ல் தொடங்கப்பட்டது போன்ற மையங்களுக்கு 230 மெகா எலக்ட்ரான் வோல்ட் வரை ஆற்றல் தேவை. அதைத் தரும் சைக்ளோட்ரான்களில் சில 200 டன்னுக்கும் மேல் எடை கொண்டவை.

லேசர் எப்படி தள்ளுகிறது?

உண்மையில் லேசர் நேரடியாகத் தள்ளுவதில்லை. மிக மெல்லிய தகட்டில் லேசர் அடித்ததும் எலக்ட்ரான்கள் முதலில் தெறித்து ஓடுகின்றன. பின்னால் மிச்சமிருக்கும் புரோட்டான்களை அவை வெறித்தனமாக இழுக்கின்றன. தலைமுடி தடிமன் அளவு தூரத்திலேயே வேலை முடிந்துவிடும்.

அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகம் 2000-லேயே 58-ஐ எட்டியது. ஆனால் 100-ஐ நெருங்கவே 2018 ஆகிவிட்டது. டிரெஸ்டன் குழு செய்தது சுவாரஸ்யமானது. பிரதான லேசர் துடிப்புக்கு முன்னால் கொஞ்சம் ஒளி முந்திக்கொண்டு வரும். வழக்கமாக அதைத் தொல்லை என்றுதான் ஒதுக்குவார்கள். இவர்கள் அதை வைத்தே தகட்டை விரியவைத்து, பிரதான ஒளி அதற்குள் ஊடுருவிப் போக வழி செய்தார்கள்.

அப்போ சிகிச்சை ரெடியா?

இல்லை. 150 என்றால் உடம்பில் சுமார் 15 செ.மீ. ஆழம் வரை போகலாம். ஆனால் அது உச்ச அளவு மட்டுமே. கிளம்பும் புரோட்டான்களில் ரொம்பக் கொஞ்சம்தான் அதைத் தொடும், மற்றவை ஆளுக்கொரு வேகத்தில் வரும். மருத்துவருக்கோ ஒவ்வொரு முறையும் ஒரே அளவு, ஒரே ஆழம் வேண்டும். இதே மையம் 2022-ல் எலிகளின் கட்டிகளுக்கு லேசர் புரோட்டான் கொடுத்துக் காட்டியது. ஆனால் அந்தக் கட்டிகள் இருந்தது எலியின் காதில்! அங்கே ஆழம் ஒரு பிரச்சினையே இல்லை.

இடம் மிச்சமாகும் என்ற வாதத்தையும் கொஞ்சம் நிதானமாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். மெஷின் சின்னதானாலும் கதிர்வீச்சைத் தடுக்கும் தடித்த கான்கிரீட் சுவர் தேவைப்படும். இன்றைய தேதிக்கு புரோட்டான் சிகிச்சை தரும் மருத்துவமனைகளில் ஓடுவது சைக்ளோட்ரான், சிங்க்ரோட்ரான் வகை மெஷின்கள்தான்.