விற்பதா, விதைக்கு வைப்பதா

கொடைக்கானலில் இருந்து மன்னவனூர் சாலையில் 18, 20 கிலோமீட்டர் போனால் ஒரு வளைவில் கார்கள் வரிசையாக ஓரங்கட்டி நிற்கும். இறங்குபவர்கள் எல்லாரும் சாலையோரம் போய் ஒரே பக்கம் போனைத் தூக்குவார்கள். பள்ளத்தில் பூம்பாறை. நெருக்கியடித்துக்கொண்டு நிற்கும் வீடுகள், அவற்றைச் சுற்றிப் படிப்படியாக இறங்கும் தோட்டங்கள். பத்து நிமிடம் படம் எடுப்போம், மக்காச்சோளம் ஒன்றைக் கடிப்போம், திரும்பிவிடுவோம். படத்துக்குக் கீழே 'தமிழ்நாட்டு சுவிட்சர்லாந்து' என்று எழுதிவிட்டால் கடமை முடிந்தது. பழனி மலைக்கு என்ன குறை என்று இன்னொரு நாட்டின் பெயரை ஒட்டுகிறோமோ தெரியவில்லை.

ஊருக்குள் இறங்குகிறவர்கள் பெரும்பாலும் குழந்தை வேலப்பரைக் கும்பிட வருகிறவர்கள். பழனி முருகனைப் போலவே அந்த முருகனையும் சித்தர் போகர்தான் நவபாஷாணத்தில் செய்தார் என்பது மலையின் நம்பிக்கை. எனக்குப் பிடித்தது அங்கே தேர் இழுக்கும் முறை. தெருவே சரிவு. அதனால் தேருக்கு முன்னால் வடம் உண்டு, பின்னாலும் வடம் உண்டு. ஒரு கூட்டம் இழுக்கும், இன்னொரு கூட்டம் ஓடிவிடாமல் பிடித்துக்கொள்ளும். சக்கரத்துக்குக் கட்டை போட்டு நிறுத்துவதையே பார்த்து வளர்ந்த கீழ்நாட்டுக்காரனுக்கு இது புதுசு.

சரி, தோட்டத்துக்கு வருவோம். மேலிருந்து பார்க்கையில் பச்சைப் படிக்கட்டு என்று தெரிவதில் பெரும்பகுதி பூண்டு, கேரட், பீன்ஸ், உருளைக்கிழங்கு. ஊர் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வீடுகள் ஏன் இப்படி ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து கிடக்கின்றன என்று கேட்டால், சமமான இடம் எல்லாம் பயிருக்குப் போய்விட்டது என்பதுதான் எனக்குத் தோன்றும் பதில். படியின் ஓரம் பெருமழையில் சரிந்தால் மறுபடி ஏற்றிக் கட்ட வேண்டும். டிராக்டர் வராத படிகளில் வேலை முழுவதும் ஆள் கையில்தான். எருவும் விளைச்சலும் தலைச்சுமையாகவும் குதிரை முதுகிலும் போய் வரும். நாம் இலவசமாகப் பார்க்கிற அழகு இந்தக் கூலியில் நிற்கிறது.

ஒரு காலத்தில் இந்த மலைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது உருளைக்கிழங்கு. பிறகு வேரைத் தின்னும் நூற்புழு வந்தது. நீலகிரியில் 1961-லேயே கண்டுபிடிக்கப்பட்ட புழு. கொடைக்கானல் மண்ணிலும் பிற்பாடு இருப்பது தெரிந்தது. அதன் முட்டைக்கூடுகள் பயிரே இல்லாவிட்டாலும் பல வருஷம் மண்ணுக்குள் சாகாமல் காத்திருக்கும். இங்கிருந்து விதைக்கிழங்கு வெளியே போகவும் கட்டுப்பாடு வந்துவிட்டது. மிஞ்சிய பெருமை பூண்டுக்கு.

பூண்டு விசித்திரமான பயிர். நாம் சமையலில் உரித்துப் போடுகிற பல்லே அதற்கு விதை. பூவில் காய்த்து, விதை எடுத்து, சலித்துப் பையில் கட்டி வைக்கிற கதையெல்லாம் அதற்கு இல்லை. தாத்தா நட்ட பூண்டின் பல்லை அப்பா நட்டார், அதன் பல்லை மகன் நடுகிறான். உண்மையில் மூவர் நட்டதும் ஒரே செடி, ஒரே உடம்பு. அப்பன் ஆத்தாள் கலப்பு என்பதே கிடையாது. அதனால்தான் ஒரு மலையின் பூண்டுக்கென்று ஒரு காரமும் மணமும் மாறாமல் வருகிறது. அதே காரணத்தால்தான், ஒரு வருஷம் விதை மொத்தமாகக் கைவிட்டுப் போனால் அந்தக் காரத்தை வேறெங்கும் போய் வாங்கவும் முடியாது.

இங்கேதான் சிக்கல். ஏக்கருக்கு ஏறக்குறைய 200 கிலோ பல் வேண்டும். வருஷத்துக்கு இரண்டு போகம்: ஏப்ரல், மே வாக்கில் ஒரு நடவு, அக்டோபர், நவம்பரில் இன்னொன்று. கைக்கு வந்த பூண்டில் எவ்வளவை விற்பது, எவ்வளவைப் புகை காட்டி விதைக்கு வைப்பது என்று ஒவ்வொரு போகத்திலும் வீட்டில் ஒரு வழக்கு நடக்கும். விலை மட்டமாக இருந்தால் சிரமம் இல்லை. விற்க மனம் வராது, விதை தானாகவே மிஞ்சும். 2024-இல் கடையில் கிலோ 400 ரூபாயைத் தாண்டிப் போனதே, அந்த மாதிரி சமயத்தில்தான் சோதனை. விதைக்கு வைத்த மூட்டை பரணில் இருந்து கூப்பிடும். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம், வங்கியில் நகை. விற்றுவிட்டவர் அடுத்த நடவுக்கு அதே விலைக்கோ அதற்கு மேலோ விதை வாங்கியாக வேண்டும்.

"அந்த விலை வந்த வருஷம் நல்ல காசு பாத்திருப்பீங்களேக்கா" என்று ஊருக்குள் ஒருவரிடம் கேட்டேன். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "பாத்தோம் தம்பி. அந்தக் காசுலதான் திரும்ப வெதை வாங்குனோம்."

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அதற்காக உழைத்தது. அதே வருஷம் பழனி பஞ்சாமிர்தத்துக்கும் கிடைத்தது. பஞ்சாமிர்தம் கோயிலின் பெயரோடு டப்பாவில் போகிறது. பூண்டு அப்படியா? சாக்கில் கட்டி மலையிறங்கும்; பெரியகுளத்துக்குப் பக்கத்தில் வடுகபட்டிச் சந்தையில் கொட்டும். பூண்டு வியாபாரத்தில் வடுகபட்டி பெரிய இடம், வெளிமாநிலப் பூண்டும் அங்கே வந்து குவியும். மூட்டை பிரிந்ததும் பூம்பாறைப் பூண்டு எது, வந்த பூண்டு எது என்பது வியாபாரியின் கண்ணுக்குத்தான் வெளிச்சம். இமாச்சலத்துப் பூண்டையும் நம் ஊர்க் கடையில் 'மலைப்பூண்டு' என்று கூசாமல் கொடுக்கிறார்கள். பொய் என்று சண்டை பிடிக்கவும் வழியில்லை, இமாச்சலமும் மலைதானே! பிள்ளை பெற்றவளுக்குப் பூண்டுக்குழம்பு வைக்க நாட்டு மருந்துக் கடையில் கேட்டு வாங்குகிற மாமியாருக்கே எந்த மலை என்று தெரியாது. சான்றிதழ் சட்டம் போட்டு மாட்டிய சுவரிலேயே நின்றுவிட்டது என்றால் மிகை இல்லை.

கொடைக்கானலுக்கு வரும் வண்டிகளுக்கு 2024 மே முதல் இ-பாஸ் கட்டாயம், உயர் நீதிமன்ற உத்தரவு. மலை தாங்கும் கூட்டம் எவ்வளவு என்று எண்ணத் தொடங்கியிருக்கிறார்கள்; நல்லது. மலையைத் தாங்குகிறவர்களையும் யாராவது கணக்கில் எடுக்கலாம். தோட்டத்தைவிடத் தங்கும் விடுதிக்கு வருமானம் கூடுதல் என்று ஒருவருக்குத் தெரிந்துவிட்டால் பக்கத்துக்காரருக்குத் தெரிய எத்தனை நாளாகும்? அவர்களைக் குறை சொல்ல நமக்கு யோக்கியதை கிடையாது. காட்டுமாடு இறங்கி மேய்ந்துவிட்டுப் போன பாத்தியை நாம் போய்த் திருத்திக் கொடுக்கப் போவதில்லை.

என் யோசனை சின்னது. படம் எடுக்கிற அந்த வளைவிலும், கொடைக்கானல் பேருந்து நிலையத்திலும், குறியீட்டு முத்திரையோடு கால் கிலோ, அரைக் கிலோப் பைகளில் விவசாயிகளின் கூட்டுறவே பூண்டை விற்கட்டும். பையின் மேல் ஊர்ப் பெயரும் அறுவடை மாதமும் இருக்கட்டும். சாக்லேட்டுக்கும் யூகலிப்டஸ் தைலத்துக்கும் சொன்ன விலையைக் கொடுத்துவிட்டு வருகிறவர்கள்தானே நாம். பூண்டுக்காரரிடம் மட்டும் "கீழ இதே பூண்டு நூறு ரூபா கம்மி" என்று வாதாடுகிறோம். கீழே கிடைப்பது இதே பூண்டு இல்லை என்று அவர் கையில் காட்ட ஒரு சீட்டாவது இருக்கும்.