காலுக்கு ஏற்ற பாட்டு!

தைப்பூசத்துக்குத் திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கும் பக்தர்களைப் பாருங்கள். காவடிப் பாட்டு கேட்டதும் ஓய்ந்த கால்கள் எட்டிப் போடும்!

பாட்டுக்கு அந்தச் சக்தி உண்டு. நியூயார்க்கில் கூரைக்கு அடியில் நடந்த ஆறு நாள் சைக்கிள் பந்தயத்தில் பாண்டு வாத்தியம் முழங்கியபோது வீரர்களின் வேகம் மணிக்கு 19.6 மைல். வாத்தியம் இல்லாதபோது 17.9 மைல்தான்! இது 1911-ல் வெளியான கணக்கு.

இன்று வீட்டுக்குள் நகராத சைக்கிளை மிதிப்பவர்களும் துள்ளல் பாட்டு வைக்கிறார்கள். வைக்கட்டும். ஆனால், பாட்டு களைப்பை மறக்கச் செய்யும், போக்கிவிடாது. இருபது வயது மகன் மிதிக்கும் பாட்டுக்கு ஐம்பது வயது அப்பாவும் மிதிக்கலாமா? கூடாது.

மெல்லிய பாட்டில் தொடங்க வேண்டும். பிறகு வேகம். முடிவில் மீண்டும் மெல்லிய பாட்டு. நாலு வார்த்தை பேசக்கூட மூச்சு இல்லையா? வேகத்தைக் குறைக்க வேண்டியதுதான்.

காலுக்காகத்தான் பாட்டு, பாட்டுக்காகக் கால் அல்ல!