பந்தயம் சான்றாகுமா?

"கருந்துளையில் வீழ்ந்த பொருளின் தகவல் அழிவதில்லை, ஹாக்கிங்கே ஒப்புக்கொண்டார், இனி வினா ஏது?" என்பர் சிலர். இதனை நாம் மறுக்கின்றோம்.

ஓலை எரிந்தாலும், அதில் எழுதியது சாம்பலிலும் புகையிலும் ஒளியிலும் சிதறி எஞ்சும் என்பது குவாண்டம் விதி. கருந்துளையோ கதிர்வீச்சை உமிழ்ந்து மறைகையில் தகவலையும் அழித்துவிடும் என 1976இல் வாதிட்டவர் ஹாக்கிங். 1997இல் அதன்மேல் பந்தயமும் கட்டினார். 2004இல் டப்ளினில் தோல்வியை ஏற்றார். அவர் பக்கம் நின்ற கிப் தோர்னோ அன்று இணங்கவில்லை. 2019ஆம் ஆண்டுக் கணக்கீடுகள் தகவல் மீளும் என்பதற்கு வலுவூட்டின; மீளும் வழி இன்னும் விளங்கவில்லை. அக்கதிர்வீச்சை விண்ணில் எவரும் கண்டதுமில்லை.

அவர் சொன்னதால் 1976இல் அது மெய்யாகவில்லையெனில், அவரே மறுத்ததால் 2004இல் எங்ஙனம் பொய்யாகும்? அன்பர்களே, பிள்ளைகளுக்கு அறிஞர் பெயர்களைக் கற்பிக்குமுன் சான்று கேட்கக் கற்பியுங்கள்!