தெருநாய் சிகிச்சைக்கு ஜிபே பண்றீங்களா? அந்தப் பணம் எங்கே போகிறது, எங்கே பத்தாமல் போகிறது?

இடுப்பு உடைந்து சாலையோரம் கிடக்கும் நாயின் படம். அதன் கீழே ஒரு க்யூஆர் கோடு. "ஆபரேஷனுக்கு அவசரம், ப்ளீஸ் ஷேர் பண்ணுங்க" என்று ஒரு வரி. வாட்ஸ்அப் குரூப்பிலும் இன்ஸ்டா ஸ்டோரியிலும் இப்படி ஒன்று அடிக்கடி கண்ணில் படுகிறது. சிலர் உடனே 500 ரூபாய் அனுப்பிவிடுகிறார்கள். சிலர் 'இது உண்மையா, ஃபேக்கா?' என்று யோசித்துக்கொண்டே அடுத்த ஸ்டோரிக்குப் போய்விடுகிறார்கள். நேர்மையாக வேலை செய்யும் மீட்பாளர்களுக்கு இந்த இரண்டாவது ரகத்தினர்தான் கவலை. நம்பிக்கை ஒருமுறை போய்விட்டால் அடுத்த நாய்க்குப் பணம் திரளாது.

இந்தப் பணம் ஏன் பொதுமக்களிடம் கேட்கப்படுகிறது? சட்டம் என்ன சொல்கிறது? அனுப்பும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

தெருநாய்க்கு அடிபட்டால் யார் செலவு?

வீட்டு நாய் என்றால் வளர்ப்பவர் பில் கட்டுவார். தெருநாய்க்கு அப்படி ஒருவர் இல்லை. 2023-ல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி, தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வதும் வெறிநாய்க்கடித் தடுப்பூசி போடுவதும் உள்ளாட்சி அமைப்புகளின் பொறுப்பு. அரசுப் பணம் பெரும்பாலும் அந்த இரண்டுக்கும்தான் போகிறது. கார் மோதி கால் உடைந்த நாய்க்கு பிளேட் வைப்பதெல்லாம் பொதுவாக அந்தக் கணக்குக்கு வெளியே நின்றுவிடுகிறது.

இடித்துவிட்டுப் போனவரிடம் வாங்கலாமே என்றால், அதுவும் எளிதல்ல. 1960-ம் ஆண்டு விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் முறை குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய்தான். விலங்கை வேண்டுமென்றே கொன்றாலோ ஊனமாக்கினாலோ பாரதிய நியாய சன்ஹிதாவின் 325-வது பிரிவில் 5 ஆண்டு வரை சிறை உண்டு. ஆனால், சாலை விபத்தில் 'வேண்டுமென்றே' என்பதை நிரூபிப்பது கஷ்டம். நிரூபித்தாலும் அன்றைக்குக் கட்ட வேண்டிய பில் அப்படியேதான் இருக்கும்.

அரசுக் கால்நடை மருத்துவமனைகள் பெரிய கைகொடுப்பு. சென்னையில் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை பலருக்கும் தெரிந்த இடம். 1959-ல் தொடங்கிய ப்ளூ கிராஸ் போன்ற அமைப்புகளும் இருக்கின்றன. ஆனால் நாயைக் கொண்டுபோகும் வண்டி, வெளியில் வாங்கும் மருந்து, ஆபரேஷன் முடிந்ததும் அதை வைத்துப் பார்த்துக்கொள்ள ஓர் இடம் ஆகிய மூன்றுக்கும் யாரோ கையைவிட்டுச் செலவு செய்யத்தான் வேண்டும்.

2025-க்குப் பிறகு என்ன மாறியது?

2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம், கருத்தடையும் தடுப்பூசியும் முடிந்த நாய்களைப் பிடித்த இடத்திலேயே விடலாம் என்றது. வெறிநோய் உள்ள நாய்கள், அந்தச் சந்தேகம் உள்ளவை, ஆக்ரோஷமானவை இதில் சேராது. பிறகு நவம்பர் 7 அன்று, பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு வளாகம், பஸ் நிலையம், ரயில் நிலையம் ஆகிய இடங்களில் பிடிக்கும் நாய்களைத் திரும்ப அங்கே விடக்கூடாது, காப்பகத்துக்குக் கொண்டுபோக வேண்டும் என்று உத்தரவிட்டது.

நாய்க்கடிக்கு ஆளாகும் குழந்தைகளும் முதியவர்களும் இந்த வழக்கின் மறுபக்கம். அந்தப் பயம் நியாயமானது. அதே நேரத்தில், ஒரு நாய் காப்பகத்துக்குள் வந்தால் அதன் சாப்பாடு, தடுப்பூசி, வைத்தியம் எல்லாம் அங்கேயே பல ஆண்டுகள் தொடரும். நெரிசலான கூண்டுகளில் பார்வோ, டிஸ்டம்பர் போன்ற நோய்கள் வேகமாகப் பரவும். காப்பகம் கட்டுவது ஒருமுறை செலவு, நடத்துவது மாதாமாதம் வரும் செலவு.

பணம் எங்கே பத்தாமல் போகிறது?

படத்தைப் பார்த்து வரும் பணம் முதல் 2 நாளில் வந்து குவிந்து, பிறகு நின்றுவிடும். சிகிச்சையோ வாரக்கணக்கில் போகும். சிக்கல் இங்கேதான்.

பார்வோ வந்த குட்டிக்குப் பல நாள் டிரிப்ஸ் ஏற்ற வேண்டும். அந்த வைரஸ் தரையிலும் பாத்திரத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும் என்பதால் மற்ற நாய்களோடு சேர்த்து வைக்க முடியாது, தனி இடம் வேண்டும். உண்ணிக் காய்ச்சலுக்கு மாத்திரை விலை குறைவுதான், ஆனால் 4 வாரம் விடாமல் கொடுக்க வேண்டும். தெருநாய்களிடம் அதிகம் காணப்படும் பிறப்புறுப்புக் கட்டிக்கு வாரம் ஒரு வின்கிறிஸ்டின் ஊசி வீதம் பல வாரம் போட வேண்டியிருக்கும். தொடை எலும்பு ஆபரேஷன் முடிந்த நாய் 6 முதல் 8 வாரம் ஓடக்கூடாது. தெருவில் விட்டால் அது ஓடாமல் இருக்குமா?

ஆக, ஆபரேஷன் தியேட்டர் பில்லைவிட அதற்குப் பிந்தைய போர்டிங், டிரெஸ்ஸிங், மறு எக்ஸ்ரே, தடுப்பூசி, கருத்தடை எல்லாம் சேர்ந்து பெரிய தொகையாகிவிடலாம். ஆனால், குணமாகிக்கொண்டிருக்கும் நாயின் படத்துக்கு யாரும் பணம் அனுப்புவதில்லை. அதனால்தான் நல்ல மீட்பாளர்கள் கேட்கும்போதே 'ஆபரேஷன் இவ்வளவு, 2 மாதம் போர்டிங் இவ்வளவு' என்று பிரித்து எழுதிவிடுகிறார்கள். கேட்கும் தொகை பெரிதாகத் தெரிந்தாலும் அதுதான் உண்மைக் கணக்கு. பாதியில் பணம் தீர்ந்தால் நாய் பாதி குணத்தோடு தெருவுக்குத் திரும்பும், முன்பு கொடுத்த பணமும் வீண்.

சொந்த ஜிபே நம்பரில் வாங்கினால் பிரச்சினையா?

குற்றம் இல்லை. ஆனால் ரிஸ்க் உண்டு. உறவினர் அல்லாதவர்களிடமிருந்து ஒரு நிதியாண்டில் ஒருவர் பெறும் பணம் மொத்தம் 50,000 ரூபாயைத் தாண்டினால், தாண்டிய பகுதி மட்டுமின்றி முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கருதப்படும் என்பது வருமான வரிச் சட்டத்தின் பொது விதி. ஆளுக்கு 30,000 வீதம் 2 நாய்களுக்கு வசூலித்தாலே 60,000 ஆகிவிடும். 'இது எனக்கு வந்த பணமில்லை, நாய்க்கு வந்தது' என்று பின்னாளில் சொல்ல வேண்டி வந்தால், கையில் பில் இருக்க வேண்டும். சம்பளக் கணக்கோடு கலக்காமல் தனி வங்கிக் கணக்கு வைத்துக்கொள்வது குறைந்தபட்சப் பாதுகாப்பு.

இதைவிட எளிய வழி, கிளினிக்கின் க்யூஆர் கோடையே பகிர்வது. நன்கொடையாளர் நேரடியாக மருத்துவரின் கணக்கில் கட்டிவிடுவார், நடுவில் யார் கையிலும் பணம் தங்காது. தொடர்ந்து வசூலிக்கிறவர்களுக்கு டிரஸ்ட் அல்லது சொசைட்டியாகப் பதிவு செய்வதுதான் நல்லது.

80ஜி சலுகை எல்லாருக்கும் கிடைக்குமா?

கிடைக்காது. 80ஜி பதிவு உள்ள அமைப்புக்குக் கொடுத்தால்தான் சலுகை. தனிநபர் மீட்பாளருக்குக் கொடுத்தால் இல்லை. பொதுவாக, கொடுத்த தொகையில் 50 சதவீதம் ஒரு வரம்புக்கு உட்பட்டு வருமானத்தில் கழியும். ரொக்கமாக 2,000 ரூபாய்க்கு மேல் கொடுத்தால் செல்லாது. புதிய வரி முறையில் இருப்பவர்களுக்கு இந்தக் கழிவு கிடையாது. இப்போது டீஃபால்ட்டாக வருவது புதிய முறைதான் என்பதால், ஐடி வேலையில் இருக்கும் பலருக்கு '80ஜி உண்டு' என்ற விளம்பரத்தால் பையில் எதுவும் மிஞ்சாது. ஆனாலும் அந்தப் பதிவுக்கு ஒரு பயன் உண்டு: கணக்கு காட்டும் கடமை உள்ள அமைப்பு இது என்பதற்கு அது அடையாளம்.

வெளிநாட்டில் இருக்கும் நண்பர் அனுப்பலாமா?

இந்தியக் குடியுரிமையோடு வெளிநாட்டில் வேலை பார்ப்பவர் தன் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால், அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேறு நாட்டுக் குடியுரிமை வாங்கியவர் ஒரு அமைப்புக்கு அனுப்பினால் கதை வேறு. அந்த அமைப்புக்கு எஃப்சிஆர்ஏ பதிவோ முன் அனுமதியோ இருக்க வேண்டும். பணமும் டெல்லி ஸ்டேட் பாங்க் முதன்மைக் கிளையில் அதற்கென்று உள்ள கணக்குக்குத்தான் வர வேண்டும்.

போலி மீட்பு வீடியோக்கள்

வேண்டுமென்றே குட்டியை ஆபத்தில் போட்டு, பிறகு 'காப்பாற்றி' வீடியோ எடுக்கும் வியாபாரம் உலகம் முழுக்க இருக்கிறது. சமூக ஊடகங்களில் இப்படிப்பட்ட ஆயிரத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை விலங்கு நல அமைப்புகளின் கூட்டணி ஒன்று 2024-ல் அறிக்கையாக வெளியிட்டது. சிலர் அதில் நன்கொடையும் கேட்டிருந்தனர். ஆள் வருவதற்கு முன்பே கேமரா சரியான கோணத்தில் இருக்கிறதா, மருத்துவரிடம் காட்டிய காட்சியே இல்லையா, ஊர் பெயர் இல்லையா? இவை இருந்தால் லைக், ஷேர்கூடப் போட வேண்டாம்.

அனுப்பும் முன் கேட்க வேண்டிய 5 கேள்விகள்

1. நாய் எந்தக் கிளினிக்கில் இருக்கிறது? அங்கே போன் செய்து விசாரிக்க முடியுமா?
2. எஸ்டிமேட் கிளினிக்கின் தாளில், தேதியோடு இருக்கிறதா?
3. இதுவரை எவ்வளவு வந்தது, இன்னும் எவ்வளவு வேண்டும் என்று சொல்கிறார்களா? இலக்கு முடிந்ததும் வசூலை நிறுத்துகிறார்களா?
4. நாய் இறந்துவிட்டால் மிச்சப் பணம் எங்கே போகும்?
5. குணமான பிறகு நாய் எங்கே இருக்கும்? தத்தா, காப்பகமா, பழைய தெருவா?

கிரவுட்ஃபண்டிங் தளம் வழியாகக் கொடுக்கும்போது 'டிப்' என்று ஒரு தொகை தானாகச் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அதை மாற்ற முடியும். கணக்கு ஒழுங்காகக் காட்டும் ஒரு அமைப்போ மீட்பாளரோ உங்கள் பகுதியில் இருந்தால், ஒரு படத்துக்கு 1,000 ரூபாய் அனுப்புவதைவிட மாதம் 200 ரூபாய் யுபிஐ ஆட்டோபே போடுவது அவர்களுக்கு அதிகம் உதவும். 6-வது வாரம் மாற்ற வேண்டிய டிரெஸ்ஸிங்குக்கும் யாரும் படம் எடுக்காத தடுப்பூசிக்கும் அந்தப் பணம் இருக்கும்.