ஸ்கடர் குடும்பம் தந்ததும் நமக்கு வரவேண்டியதும்

முசரவாக்கத்திலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் ஒருவருக்குப் பெரிய நோய் வந்துவிட்டால், "வேலூருக்குக் கொண்டு போங்கள்" என்பதுதான் பெரியவர்கள் சொல்லும் கடைசி யோசனை. தறிக்காரர் வீட்டிலும் அதே பேச்சு. நடவுக்கும் அறுப்புக்கும் போகிறவர் வீட்டிலும் அதே பேச்சு. வேலூர் என்றால் கோட்டை ஞாபகம் வருமுன் ஆஸ்பத்திரி ஞாபகம் வருகிறது.

அந்த ஆஸ்பத்திரிக்கு அடிகோலியது அமெரிக்காவிலிருந்து வந்த ஒரு பாதிரிக் குடும்பம். அதைப் பற்றி நம் ஜனங்களிடையே இரண்டு விதமான பேச்சு உண்டு. "மதம் மாற்ற வந்தவர்கள், மருந்து வெறும் தூண்டில்" என்பது ஒன்று. "அவர்கள் தெய்வங்கள், அவர்கள் வந்திராவிட்டால் நம் கதி என்ன?" என்பது மற்றொன்று. இரண்டையும் நாம் ஏற்பதற்கில்லை. முதற் பேச்சு நன்றி கெட்ட பேச்சு. இரண்டாவது பேச்சோ நம்மை என்றைக்கும் கைகட்டி நிற்க வைக்கும் பேச்சு. உழைக்கும் மக்கள் இந்தச் சரித்திரத்தைத் தங்கள் கண்ணாலேயே பார்க்கவேண்டும்.

நாலு தலைமுறை

ஜான் ஸ்கடர் நியூயார்க் நகரில் நல்ல பெயரெடுத்த வைத்தியர். 1819ம் ஆண்டு மனைவி ஹாரியட்டுடனும் குழந்தையுடனும் கப்பலேறினார். பாய்மரக் கப்பலில் மாதக் கணக்கில் பிரயாணம். புது மண்ணில் கால் வைத்த ஆரம்ப காலத்திலேயே குழந்தையைப் பறிகொடுத்தார்கள். திரும்பிப் போய்விடவில்லை. யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் தங்கி, ஒரு கையில் வேதப் புத்தகமும் ஒரு கையில் மருந்துமாக வேலை செய்தார்கள். 1836ல் சென்னைக்கு வந்தார்கள். ஹாரியட் 1849ல் சென்னையில் காலமானார். ஸ்கடர் 1855ல் தென்னாப்பிரிக்காவில் உயிர் நீத்தார்.

அவர்களுடைய புதல்வர் ஏழு பேர் இங்கேயே மிஷன் ஊழியத்துக்கு வந்தார்கள். 1853ல் ஆற்காடு மிஷன் தோன்றியது. 1866ல் ராணிப்பேட்டையில் ஆஸ்பத்திரி எழுந்தது. நாலு தலைமுறையில் அந்த ஒரு குடும்பத்தைச் சேர்ந்த நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் இந்த வேலையில் ஆயுளைக் கழித்தார்கள். பெற்ற பிள்ளைகளைப் படிப்புக்காக அமெரிக்காவில் விட்டுவிட்டு, வருஷக் கணக்கில் முகம் பாராமல் இங்கே இருந்தார்கள். தமிழ் கற்றார்கள், தமிழில் பேசினார்கள், வெயிலையும் காலராவையும் தாங்கினார்கள். அவர்கள் கொண்ட மதம் எதுவாகவும் இருக்கட்டும். சொன்ன சொல்லுக்காகச் சொந்த வாழ்வைக் கொடுப்பவர்களை உழைப்பவர்கள் ஒருநாளும் இகழமாட்டார்கள்.

திண்டிவனத்து இரவு

இந்தக் குடும்பத்தில் 1870ல் ராணிப்பேட்டையில் பிறந்த பெண்தான் ஐடா. தாத்தாவும் தகப்பனாரும் போன வழியில் போக அவருக்கு இஷ்டமில்லை. அமெரிக்காவிலேயே வாழவேண்டும் என்றுதான் நினைத்திருந்தார். தாயாருக்கு உடம்பு சரியில்லை என்று திண்டிவனத்துக்கு வந்திருந்த சமயத்தில், ஒரே இரவில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள். ஒருவர் பிராமணர், ஒருவர் முஸ்லிம், ஒருவர் வேறொரு மேல்ஜாதி இந்து. மூன்று பேர் வீட்டிலும் மனைவி பிரசவ வேதனையில் துடித்துக் கொண்டிருந்தாள். ஐடாவின் தகப்பனார் வைத்தியர்தான். ஆனால் ஆண்பிள்ளை வைத்தியரை உள்ளே விடமாட்டோம் என்றார்கள். பொழுது விடிவதற்குள் மூன்று பெண்களும் மாண்டார்கள்.

அந்த இரவுதான் ஐடாவை மாற்றியது. அமெரிக்கா சென்று 1899ல் டாக்டர் பட்டம் பெற்றார். 1900ல் வேலூர் வந்து ஒரு சிறு அறையில் வைத்தியம் தொடங்கினார். 1902ல் 40 படுக்கைகளுடன் ஆஸ்பத்திரி வந்தது. 1909ல் நர்ஸுகள் பள்ளி. 1918ல் பெண்களுக்கு மருத்துவப் பள்ளி. பெண்களை நம்பிப் பள்ளி தொடங்குகிறாயே, மூன்று பேராவது சேருவார்களா என்று மேலதிகாரி கேட்டாராம். முதல் அணியில் 14 பெண்கள் தேறி வெளியே வந்தார்கள். பின்னாளில் அதே ஸ்தாபனத்துக்கு முதல் இந்திய டைரக்டராக அமர்ந்தவரும் ஒரு பெண்தான்: டாக்டர் ஹில்டா லாசரஸ். ஐடா ஸ்கடர் 1960ல் கொடைக்கானலில் காலமானார்.

இந்த வரலாற்றைப் பலர் சொல்லியிருக்கிறார்கள். நாம் கேட்பது வேறொரு கேள்வி. அந்த இரவில் பங்களாவுக்கு வந்து கதவைத் தட்டியவர்கள் மூன்று பேர். தட்டக்கூட முடியாதவர்கள் எத்தனை பேர்? சேரியில் விளக்கெண்ணெய்க்கும் வழியில்லாத குடிசையில், பண்ணையாள் ஒருவனின் மனைவி அதே போன்ற இரவுகளில் செத்துப் போயிருப்பாளே, அவளை எந்தச் சரித்திரம் எழுதியது? எந்தத் துரைமகள் அவளுக்காகக் கண்ணீர் விட்டிருக்க முடியும்? அந்தச் சாவுச் செய்தி பங்களா வாசல்வரை போய்ச் சேர்ந்தால்தானே!

தானத்தின் பலம் அதன் கண்ணெதிரில் இருப்பவர்வரை எட்டும். அதற்கப்பால் அது எட்டுவதில்லை. இது ஐடாவின் குற்றமல்ல, தானத்தின் இயல்பு. ஐடாவே இதை உணர்ந்துதான் வண்டி கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய்ச் சாலையோரத்தில் வைத்தியம் பார்த்தார்.

ஆஸ்பத்திரி ஏன் இல்லை?

அந்த 40 படுக்கை ஆஸ்பத்திரிக்குப் பணம் கொடுத்தவர் நியூயார்க்கில் ஒரு பாங்கிக்காரர். மனைவியின் நினைவாகப் பத்தாயிரம் டாலர் தந்தார். நல்ல காரியம்தான். ஆனால் வட ஆற்காட்டு ஏழைப் பெண்ணின் பிரசவத்துக்கு நியூயார்க் பாங்கிக்காரர் பணம் தரவேண்டி வந்தது ஏன்? இந்த ஜில்லாக்களில் நில வரி வசூலாகவில்லையா? வசூலாயிற்று. மழை பொய்த்த வருஷத்திலும் வசூலாயிற்று.

1876 முதல் 1878 வரை தாது வருஷப் பஞ்சம் இந்த மண்ணைச் சுடுகாடாக்கியது. அப்போது வெள்ளைக்காரச் சர்க்கார் என்ன செய்தது? ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரியை அனுப்பி, பஞ்ச நிவாரண வேலையில் கல்லுடைக்கும் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று கூலியை வெட்டியது. ஒரு பவுண்டு என்றால் அரைக் கிலோகூட இல்லை! ஒரு பக்கம் சர்க்கார் எலும்புக்கூடுகளிடம் வேலை வாங்கியது. மறுபக்கம் பாதிரிமார் பசித்த குழந்தைகளுக்கு ரொட்டி கொடுத்தார்கள். கொடுத்த கையை நாம் மதிக்கிறோம். பறித்த கையையும் நாம் மறக்கக்கூடாது. இரண்டு கையும் ஒரே நிறத்தில் இருந்தது என்பதற்காக இரண்டும் ஒன்றாகிவிடாது. ஆனால் முதல் கையைப் பாடுகிற பாட்டில் இரண்டாவது கை மறைந்து போவதை அனுமதிக்கலாகாது.

பாதிரிமார் எல்லோரும் ரொட்டியோடு நின்றுவிடவும் இல்லை. முசரவாக்கம் அன்று செங்கல்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. அந்த ஜில்லாவில் வேலை செய்த ஆடம் ஆண்ட்ரூ, வில்லியம் கௌடி என்ற இரண்டு பாதிரிமார், சேரி மக்களின் நோய்க்கு வேர் எங்கே இருக்கிறது என்று கண்டார்கள். குடியிருக்கும் மனையிலிருந்தே மிராசுதார் விரட்டலாம் என்று இருக்கும்போது மருந்து மட்டும் என்ன செய்யும்? நிலம் வேண்டும் என்று குரல் எழுப்பினார்கள். கலெக்டர் டிரமன்ஹீர் 1891ல் அறிக்கை எழுதினார். 1892ல் தாழ்த்தப்பட்ட மக்களுக்கு நிலம் ஒதுக்கச் சர்க்கார் உத்தரவிட்டது. அதுதான் பஞ்சமி நிலம். அந்த நிலம் பிறர் கைக்குப் போகக்கூடாது என்பது நிபந்தனை.

என்ன ஆயிற்று? ஏராளமான நிலம் பிறர் கைக்குத்தான் போயிற்று. செங்கல்பட்டை அடுத்த காரணை கிராமத்துப் பஞ்சமி நிலத்தைக் கேட்டு 1994 அக்டோபர் 10ல் நடந்த போராட்டத்தில் போலீஸ் சுட்டு, ஜான் தாமஸ், ஏழுமலை என்ற இருவர் உயிரிழந்தார்கள். நூறு வருஷத்துக்கு முன் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டதற்குத் துப்பாக்கிக் குண்டு! மேலிருந்து வந்த உத்தரவைக் காப்பாற்றக் கீழே ஜனங்களின் பலம் இல்லாவிட்டால், காகிதம் காகிதமாகவே இருக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டுமா?

மதம் இல்லாமலும் தொண்டு உண்டு

தெய்வ பக்தி இருந்தால்தான் அந்நிய நாட்டில் போய் இப்படி உழைக்க முடியும் என்று சிலர் சொல்லுகிறார்கள். நார்மன் பெதூன் கனடா நாட்டு டாக்டர். தகப்பனார் பாதிரி, மகனோ கம்யூனிஸ்ட். ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்துப் போராடிய சீன மக்களுக்கு யுத்தகளத்திலேயே ரண சிகிச்சை செய்தார். அறுவை செய்கையில் விரலில் பட்ட காயம் விஷமாகி 1939ல் மாண்டார். ஆலைத் தொழிலாளரும் நெசவாளரும் நிறைந்த சோலாப்பூரில் பிறந்த நம் டாக்டர் கோட்னிஸ், 1938ல் இந்தியா அனுப்பிய ஐந்து டாக்டர்களில் ஒருவராகச் சீனா போனார். இரவு பகலாக உழைத்து, 1942ல் முப்பத்திரண்டு வயதில் அங்கேயே இறந்தார்.

ஐடாவை அழைத்தது வேதம். கோட்னிஸை அழைத்தது அந்நிய ஆட்சியில் வதைபட்ட இன்னொரு தேசத்தின் துயரம். அழைப்பு வேறு, உழைப்பு ஒன்று. ஆனால் எத்தனை கோட்னிஸ் வந்தாலும், எத்தனை ஸ்கடர் வந்தாலும், ஒரு தேசத்து ஜனங்களின் உடம்பைக் காக்கும் பொறுப்பு தியாகிகளின் தலையில் இருக்கக்கூடாது. அது சர்க்காரின் தலையில் இருக்கவேண்டும்.

எது முடிந்தது, எது முடியவில்லை

திண்டிவனத்து இரவு இன்று தமிழ்நாட்டில் பெரும்பாலும் முடிந்துவிட்டது. இன்று நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதுக்கு மேல் பிரசவங்கள் ஆஸ்பத்திரியில் நடக்கின்றன. அவற்றில் பெரும்பகுதி சர்க்கார் ஆஸ்பத்திரியில். ஆரம்ப சுகாதார நிலையமும், குடிசைக்கே நடந்து போகும் கிராம நர்ஸும் சேர்ந்து செய்த காரியம் இது. வேலூர் வழி காட்டியது; பெண்களை நர்ஸாக்கலாம், டாக்டராக்கலாம் என்று நிரூபித்தது. ஆனால் சேரிக் குடிசையின் கதவுவரை வைத்தியம் வந்தது, அது பொதுச் சொத்தான பிறகுதான்.

பிரசவத்துக்கு முடிந்தது, மற்ற நோய்க்கு ஏன் முடியவில்லை? ஆலைத் தொழிலாளிக்கு ஈ.எஸ்.ஐ. இருக்கிறது. 1948ல் சட்டம் வந்து, 1955ல் கோயம்புத்தூரில் தொடங்கியது. தொழிலாளி கூலியில் நூற்றுக்கு முக்கால் ரூபாய். முதலாளி மூன்றேகால் ரூபாய். வைத்தியம் மட்டுமல்ல, நோயில் படுத்த நாளுக்கும் கூலியில் நூற்றுக்கு எழுபது, வருஷத்துக்கு 91 நாள்வரை கிடைக்கும். இது பிச்சையல்ல, சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை.

காஞ்சிபுரத்துப் பட்டு நெசவாளருக்கு இது உண்டா? வீட்டிலேயே தறி போட்டவர் தொழிலாளி என்ற கணக்கிலேயே வருவதில்லை. காப்பீட்டு அட்டை இருக்கிறதே என்பார்கள். அட்டை அறுவைச் சிகிச்சைக்குப் பணம் கட்டும். குழித்தறியில் உட்கார்ந்து முதுகு போனவர் ஒரு மாதம் படுத்தால், அந்த மாத அரிசிக்கு எந்த அட்டை பணம் கட்டும்? தறி நின்றால் கூலி நிற்கும். முதலாளியிடம் முன்பணக் கடன் ஏறும். நாற்று நடும் பெண்ணுக்குக் காய்ச்சல் வந்தாலும் இதே கதிதான். உடம்பு தேறும்; கடன் தேறாது.

ஆகவே நாம் சொல்லுவது இது. ஸ்கடர் குடும்பத்துக்கு நன்றி சொல்லுவோம். மதத்தின் பேரால் அந்தத் தொண்டைக் கொச்சைப்படுத்துவோரை நிராகரிப்போம். அத்தோடு நிற்கவேண்டாம். ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியிலும் டாக்டர் இருக்கவேண்டும் என்று கேளுங்கள். ஆலைத் தொழிலாளிக்கு உள்ள நோய்க்காலக் கூலி, நெசவாளருக்கும் விவசாயக் கூலிக்கும் வேண்டும் என்று கேளுங்கள். பறிபோன பஞ்சமி நிலம் உரியவர் கைக்குத் திரும்பவேண்டும் என்று கேளுங்கள். ஆலைத் தோழர்களே, இந்த உரிமையை முதலில் பெற்றவர்கள் நீங்கள். தறிக்காரருக்காகவும் வயற்காட்டுப் பெண்ணுக்காகவும் முதலில் குரல் கொடுக்க வேண்டியவர்களும் நீங்களே.