கர்மபலனும் கைப்பேசியும்

கண்ணில்லாமலும் காலில்லாமலும் ஒருவன் பிறந்தால் அது முன்ஜென்ம பாபம் என்று சொல்லி, அவனைக் கோயில் வாசலில் பிச்சைக்கு உட்காரவைத்து, அவனுக்குப் போடும் காலணாவுக்குத் தன் பெயரில் புண்ணியமும் எழுதிக்கொண்ட சமுதாயம் நம்முடையது. பாபம் அவனுக்கு, புண்ணியம் இவனுக்கு! இதைவிட லாபமான வியாபாரம் வேறென்ன இருக்கிறது?

இதே சரக்கை 2024 ஆகஸ்டில் சென்னை அசோக் நகர் அரசு பெண்கள் பள்ளிக்கே கொண்டுபோய் விற்றார் மகாவிஷ்ணு என்னும் சொற்பொழிவாளர். எழுந்து ஆட்சேபித்தவர் யார்? கண் தெரிந்த பெரிய மனிதரல்ல. அப்பள்ளியின் பார்வையற்ற தமிழாசிரியர். முன்காலமாயிருந்தால் அவர் கேள்வி அந்த நான்கு சுவருக்குள்ளேயே செத்திருக்கும். இப்போதோ சமூக வலைத்தளம் வழியாக நாடு முழுவதும் பரவிவிட்டது. மாற்றுத்திறனாளிகள் தரப்பில் புகார் போயிற்று. செப்டம்பர் 7-இல் பிரசங்கியார் கைதானார். கைதைவிட அந்தக் கேள்வியே நமக்குப் பெரிதாகப் படுகிறது.

ஸ்ரீபெரும்புதூர்த் தோழர்களே! உங்கள் ஊர்ப் பெருமை என்னவென்று கேட்டால், ராமானுஜர் பிறந்த ஊர் என்று கோபுரத்தைக் காட்டுகிறார்கள். நாமோ சுங்குவார்சத்திரம் ஃபாக்ஸ்கான் ஆலையில் நமது பெண்மக்கள் இரவு பகலாய் உழைத்துச் செய்யும் கைப்பேசியைக் காட்டுவோம். அச்செழுத்தைப் பார்வையற்றவருக்குப் படித்துச் சொல்வது அது. காது கேளாதவர் சைகையிலேயே தூரத்துத் தோழரோடு அரசியல் பேச வைப்பதும் அதுதான். எந்தத் தேர் இழுத்து இந்தப் பலன் கிடைத்தது?

நிற்க, உள்ளாட்சி மன்றங்களில் மாற்றுத்திறனாளிகளை நியமிக்க 2025 ஏப்ரலில் நம் சட்டசபையில் மசோதா நிறைவேறியது. நல்ல காரியம், பாராட்டுகிறோம். ஆனால் அரசியல் சட்டம் 243-ஆர் பிரிவின்படி நகரசபை நியமன உறுப்பினருக்குக் கூட்டத்தில் ஓட்டு இல்லை. வாயைத் திறந்துவிட்டுக் கையைக் கட்டிவைப்பது என்ன நியாயம்? 2011 கணக்குப்படி தமிழ்நாட்டில் இவர்கள் சுமார் 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1919 சட்டத்தில் தாழ்த்தப்பட்டோருக்கும் நியமனந்தான் கொடுத்தார்கள்; 1935 சட்டத்தில்தான் சென்னைச் சட்டசபையில் தேர்தல் மூலம் 30 ஸ்தானங்கள் வந்தன. அதுவும் கேட்டு வந்ததே தவிரக் கும்பிட்டு வந்ததல்ல.

கட்சிகளின் யோக்கியதையையும் பாருங்கள். குருடு, ஊமை என்று மேடையில் வசை பாடாதீர்கள் என 2023 டிசம்பரில் தேர்தல் கமிஷன் அவர்களுக்குப் புத்தி சொல்ல வேண்டியிருந்தது!

ஆகையால் ஒரகடத்திலும் வல்லத்திலும் அடுத்த கிராம சபை கூடும்போது, சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம் எங்கே, சைகை மொழி தெரிந்தவர் எங்கே என்று கேளுங்கள். ஓட்டுக் கேட்டு வருகிறவரிடம், நியமனத்தோடு நிற்பீரா, தேர்தலில் ஸ்தானம் ஒதுக்கச் சொல்வீரா என்றும் கேளுங்கள். அவர் சொல்லும் பதிலைக் கைப்பேசியில் பிடித்து ஊரெல்லாம் அனுப்புங்கள்.