ஓடுபாதையின் ஓரத்தில் யார் நிற்கிறார்கள்?

பாஸ்டன் மாரத்தானில் 7 முறை வென்றவர் கிளாரன்ஸ் டிமார். இளம் வயதிலேயே அவருடைய இதய ஒலியில் குறை இருப்பதாகச் சொல்லி ஓட வேண்டாம் என்றார்கள் மருத்துவர்கள். அவர் கேட்கவில்லை. 1958இல் புற்றுநோயால் இறந்த பின் உடலை அறுத்துப் பார்த்தபோது, அவருடைய இதயத் தமனிகள் சாதாரண மனிதருக்கு இருப்பதைவிட இரண்டு மூன்று மடங்கு அகலமாக இருந்தன.

ஜிம் ஃபிக்ஸின் கதை வேறு. 1977இல் அவர் எழுதிய புத்தகம் அமெரிக்கர்களைக் கூட்டம் கூட்டமாக ஓட வைத்தது. 1984 ஜூலையில், வெர்மான்ட் மாநிலத்துச் சாலையொன்றில் ஓடும்போதே அவர் இறந்தார். வயது 52. தமனிகளில் கடுமையான அடைப்பு. அவருடைய தந்தை 43 வயதில் இதய நோய்க்குப் பலியானவர். ஃபிக்ஸும் முப்பதுகளின் நடுப்பகுதி வரை சிகரெட்டை விடாதவர். மாரத்தான் முடித்தவருக்குத் தமனி அடைப்பே வராது என்று தாமஸ் பாஸ்லர் என்ற மருத்துவர் அடித்துச் சொல்லிவந்த காலம் அது.

நெடுந்தூர ஓட்டம் இதயத்தை மாற்றுவது உண்மை. ஓய்வில் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தம் இறைக்கும் இதயம், தேர்ந்த வீரருக்கு உச்ச ஓட்டத்தில் 30 லிட்டருக்கு மேல் இறைக்கிறது. அதற்கேற்ப அறைகள் விரிகின்றன, சுவர் சற்றே தடிக்கிறது. 42.195 கிலோமீட்டரை முடித்த கையோடு ரத்தத்தைச் சோதித்தால், மாரடைப்பின் அடையாளமாகப் பார்க்கப்படும் ட்ரோபோனின்கூடப் பலருக்கு உயர்ந்திருக்கும். பெரும்பாலோருக்குச் சில நாட்களில் அது தணிந்துவிடும். ஆனால், ஸ்வீடனின் 90 கிலோமீட்டர் வாசலோப்பெட் பனிச்சறுக்குப் போட்டியை முடித்த 50,000க்கும் மேற்பட்டோரை ஆராய்ந்தபோது, அதிக முறை பங்கேற்றவர்களிடம் இதயத் துடிப்புக் கோளாறு கூடுதலாகக் காணப்பட்டது. ஓட்டம் அடைப்பின் வாய்ப்பைக் குறைக்கும். பரம்பரையையும் பழைய புகையையும் அழிக்காது. குடும்பத்தில் இளவயது மாரடைப்பு இருந்தால், காலணி வாங்கும் முன் இதய மருத்துவரைப் பார்த்துவிட வேண்டும்.

என்னை அதிகம் யோசிக்க வைத்தது வேறொரு கணக்கு. அமெரிக்க மாரத்தான், அரை மாரத்தான்களில் 2000 முதல் 2010 வரை ஓடிய சுமார் 1.09 கோடிப் பேரில் 59 பேருக்கு இதயம் திடீரென நின்றது. 42 பேர் இறந்தார்கள். 2010 முதல் 2023 வரை சுமார் 2.9 கோடிப் பேரில் 176 பேருக்கு நின்றது. இறந்தவர்கள் 59 பேர். இதயம் நிற்கும் விகிதம் ஏறத்தாழ மாறவே இல்லை. இறப்பு விகிதம் பாதியாகிவிட்டது. விழுந்தவரின் நெஞ்சை உடனே அழுத்தத் தெரிந்தவர்களும், மின்னதிர்ச்சி தந்து துடிப்பை மீட்கும் கருவிகளும் பாதையோரத்தில் பெருகியதே இதற்கு முக்கியக் காரணம் என்கிறார்கள் ஆய்வாளர்கள்.

நம் ஊர்களிலும் ஞாயிறுதோறும் ஓட்டங்கள் நடக்கின்றன. கட்டணம் கட்டும் முன் டி-ஷர்ட்டின் நிறத்தையும் பதக்கத்தின் வடிவத்தையும் விசாரிக்கிறோம். எத்தனை கிலோமீட்டருக்கு ஒரு மின்னதிர்ச்சிக் கருவி, தண்ணீர் நீட்டும் தன்னார்வலர்களில் எத்தனை பேருக்கு நெஞ்சை அழுத்தத் தெரியும் என்பதையும் அமைப்பாளர்களிடம் கேட்க வேண்டும். பதில் சொல்ல முடியாதவர்களுக்கு அனுமதி தரக் கூடாது.